சவளுக்கு விழுந்த வாக்குகள்

செயின்ட்-மிஷேல், மொன்ட்ரியால்
24 ஜனவரி 2025

திருமதி கிரிஜா மணிவாசகம் அவர்களுக்கு,

இந்த இரவு நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மிதுனா இப்போதுதான் நித்திரையானாள். அவள் முழித்திருக்கும்போது உங்களுக்கு எழுத என்னால் முடியாது. நாலு வயதுப் பிள்ளை என்றாலும் என் முகத்தைப் பார்த்தவுடன் "அம்மா, ஆரோட சண்டை?" என்று கேட்டுவிடுகிறாள்.

முன்பு உங்களைக் கிரிஜா அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு அந்தச் சொல் பேனையில் இறங்க மறுக்கிறது.

கைத்தொலைபேசியில் நீங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை. அலுவலக மின்னஞ்சலை ஆர் ஆர் வாசிக்கிறார்கள் என்று தெரியாது, அதில் ஒன்றும் எழுதாதே என்று வினோஜன் சொல்லியிருக்கிறார். மஞ்சள் மெட்ரோவில் ஏறினால் லொங்குய்யில் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். வந்தால் கதைக்கமாட்டேன், கத்துவேன். பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கத்த எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் முத்திரை ஒட்டுகிறேன்.

போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் குழுவில் மொன்ட்ரியாலில் இருந்து போன மற்ற எல்லாரும் விமானத்தில் வந்து இறங்கிவிட்டீர்கள். என் கணவர் வினோஜன் மட்டும் ஏன் இறங்கவில்லை?

ஒரு நாட்டில் இராணுவ ஆட்சி முடியப்போகிறது, ஜூன் மாதம் தேர்தல் வருகிறது, வாக்குப் போடச் சனத்தைப் பழக்கவேண்டும், பிரெஞ்சும் தெரிந்து படமும் வடிவமைக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று வினோஜனைத் தேடி வந்தவர் நீங்கள். எந்த நாடு என்று கடிதத்தில்கூட எழுதக்கூடாது என்பது உங்கள் நிறுவனத்தின் சட்டம். சரி, எழுதவில்லை. பெயர் எழுதக்கூடாத அந்த நாட்டில் என் மனுசன் பாஸ்போர்ட் இல்லாமல், வாசலில் காவல் நிற்கும் ஒரு ஹோட்டல் அறையில் இருக்கிறார்.

உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஒக்டோபரில் மிதுனாவின் பிறந்தநாளுக்கு வந்தீர்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த படத்துக்கு முன்னால் நின்றீர்கள். அப்பா காரைச் சுற்றிப் பனி வழிக்கிறார் என்று அவள் கீறிய படம். அப்பா உருளைக்கிழங்கு மாதிரி, கார் சப்பாத்து மாதிரி. கையில் இருந்த சிவப்புச் சவள் மட்டும் அச்சில் வார்த்தது போல வந்திருந்தது.

"இது என்னம்மா?" என்றீர்கள்.

"ஸ்னோ வழிக்கிற சவள், அக்கா."

"வினோ, இங்க வாங்களேன்! நமக்கு வேண்டியது இதுதான். அந்த ஊர்ல ஸ்னோவே கிடையாது. இது என்னன்னே யாருக்கும் தெரியாது."

பயிற்சி வாக்குச் சீட்டில் உண்மையான கட்சிகளின் சின்னம் இருக்கக்கூடாதாம். மாம்பழம் ஒரு கட்சிக்காரருடையது, சேவல் இன்னொருவருடையது, மீன் என்றால் கரையோரத்து ஆட்கள், மேளம் என்றால் வடக்கு ஆட்கள். எதைக் கீறினாலும் அது யாரோ ஒருவருக்குச் சொந்தமாக இருக்கிறது என்று நீங்கள் இரண்டுபேரும் ஒரு கிழமையாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தீர்கள். கேக் வெட்டிய கத்தியோடு நின்று வினோஜன் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம்: "அக்கா, முதல்ல அங்க இருக்கிற சனத்திட்டக் காட்டிக் கேக்க வேணும். நாங்கள் ஒண்டு நினைப்பம், அவை வேற ஒண்டு நினைப்பினம்."

நீங்கள் சிரித்தீர்கள். "டைம் இல்ல வினோ. ஒரு ஷவலைப் பார்த்து யார் என்ன நினைச்சிடப் போறாங்க?" என்று சொல்லிக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தீர்கள். பிறகு இரண்டாவது தரமும் மட்டன் ரோல் எடுத்தீர்கள்.

அவர்கள் நினைத்துவிட்டார்கள். டிசம்பரில் நடந்த பயிற்சி வாக்கெடுப்பில் ஊர் ஊராகச் சவள் வென்றது. ஜனவரியில் இளம் பெடியள் அதைச் சுவரில் கீறத் தொடங்கினார்கள். வெளிநாட்டுக் குழு கள்ளமாக ஒரு கட்சியை உண்டாக்கிவிட்டது என்று இராணுவத்தின் இடைக்கால ஆட்சிக் குழு விசாரணை ஆணையம் வைத்திருக்கிறது. சின்னத்தை ஆர் தெரிவுசெய்தது என்று கேட்கிறார்கள். கடதாசியில் இருப்பது வினோஜனின் கையெழுத்து.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஆணையத்துக்கு எழுதுங்கள். தெரிவுசெய்தது நான், சோதித்துப் பார்க்க நேரமில்லை என்று சொன்னதும் நான் என்று எழுதுங்கள். எழுதினால் அவர் வருவார்.

பிரஷாந்தினி வினோஜன்


லொங்குய்
30 ஜனவரி 2025

அன்புள்ள பிரஷாந்தினி,

உங்கள் கடிதம் கிடைத்தது. தமிழில் கடிதம் எழுதிப் பல வருடங்கள் ஆகின்றன. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனால் சில விஷயங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சிப் பொருட்களுக்கு வினோஜன்தான் பொறுப்பு. எந்தச் சின்னமும் அவர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது. ஒரு வீட்டு விருந்தில் நான் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தையை அலுவலக உத்தரவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதை உங்களைப் புண்படுத்துவதற்காக எழுதவில்லை. ஆணையத்தின் முன்னால் இப்படித்தான் இது பார்க்கப்படும்.

நிறுவனம் இரண்டு வழக்கறிஞர்களை அமர்த்தியிருக்கிறது. வினோஜன் நலமாக இருக்கிறார், மரியாதையாக நடத்தப்படுகிறார். நம்மால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, குழந்தை வரைந்த அந்த அசல் படம் எங்களுக்கு வேண்டும். அதோடு, இது என் மகள் வீட்டில் வரைந்தது, எந்த அரசியலும் இதில் இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்று. குழந்தையின் பெயர், வயது எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு, பத்திரிகைக்காரர்களிடமோ அந்த நாட்டிலிருந்து வந்து மொன்ட்ரியாலில் இருப்பவர்களிடமோ தயவுசெய்து எதுவும் பேசாதீர்கள். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் அவர்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

நீங்கள் அரசியல் படித்த பட்டதாரி. ஒரு நாட்டின் மாற்றம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிரிஜா

பி.கு.: உங்கள் அழைப்புகளை நான் எடுக்காததற்குக் காரணம் வழக்கறிஞர்கள். நான் அல்ல.


செயின்ட்-மிஷேல்
7 பெப்ரவரி 2025

திருமதி கிரிஜாவுக்கு,

படம் தரமாட்டேன். வாக்குமூலமும் தரமாட்டேன். என் பிள்ளையின் பெயரை இராணுவக்காரரின் கோப்பில் கொண்டுபோய் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தெரிவுசெய்தவர் நீங்கள், கையெழுத்துப் போட்டவர் அவர், இப்போது மூன்றாவதாக நாலு வயதுப் பிள்ளையா?

"சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தை." அந்த வரியைப் பிறகும் பிறகும் வாசித்தேன். அவருடைய சம்பளத்தைத் தீர்மானிக்கும் ஆள் அவருடைய குசினியில் நின்று சொல்லும் வார்த்தைக்கு வேறு பெயர் இருக்கிறது. எட்டு நாடுகளில் வேலை செய்தவர் என்று உங்களைப் பற்றி வினோஜன் பெருமையாகச் சொல்வார். எட்டு நாட்டிலும் ஆர் ஆரை விட்டுவிட்டு வந்தீர்கள்?

நான் வன்னியில் வளர்ந்தவள். பதின்மூன்று வயதில், எங்களை யுத்தத்துக்குள் விட்டுவிட்டு ஐ.நா. கொடி கட்டிய வெள்ளை வாகனங்கள் வரிசையாக வெளிக்கிட்டுப் போனதைப் பார்த்தவள். நிலைமை சரியில்லை, உத்தரவு வந்திருக்கிறது, எங்களால் ஆனதையெல்லாம் செய்வோம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். உங்கள் கடிதத்தைத் தமிழில் வாசித்தபோது எனக்கு அந்த வாகனச் சத்தம் கேட்டது.

இன்னொன்று. ஆரோடும் கதைக்காதே என்றீர்கள். மிதுனா போகும் பிள்ளைகள் காப்பகத்தில், கார்டெரியில், மரியாமா என்றொரு தாய் இருக்கிறா. அந்த நாட்டுக்காரி. பிள்ளைகளுக்குப் பனிச் சப்பாத்துப் போட்டுவிட நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருப்போம். செவ்வாய்க்கிழமை அவ தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினா. ஒரு சந்தைச் சுவர் முழுக்கச் சிவப்புச் சவள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: எல்லாரையும் அள்ளிக் கொட்டு. அங்கே பனி வழிக்கும் சவள் இல்லாதபடியால் தகரத்தைத் தடியில் அறைந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். அப்படித் தூக்கிக்கொண்டு போன மரியாமாவின் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

மிதுனா எட்டிப் பார்த்தாள். சவளை அவள் பிரெஞ்சில் 'பெல்' என்றுதான் சொல்வாள்.

"அம்மா! என்ர பெல்! நான் கீறின பெல்!"

நான் அவளின் வாயைப் பொத்தினேன். கொஞ்சம் பலமாகப் பொத்திவிட்டேன் போலும். அழுதுகொண்டே வந்தாள்.  மரியாமா தொலைபேசியைப் பைக்குள் வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றா.

அந்தச் சவள் எங்கள் வீட்டில் இருந்து போனது என்று அவவின் ஆட்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. கதவு மணி அடித்தால் திறப்பதில்லை. வேறு வேறு பாதையால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நேற்றுப் பனி அள்ளும் வண்டி வருகிறது என்று தெருவில் சங்கு ஊதினார்கள். காரை எடுக்க இறங்க மனம் வரவில்லை. மாநகரசபைக்காரர் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வினோஜனோடு கதைக்கவிட்டார்கள். பக்கத்தில் ஆரோ நிற்பது தெரிந்தது. "காரைத் தோண்டி எடுத்திட்டீரோ?" என்று கேட்டார். "கிரிஜா அக்காவோட சண்டை பிடியாதையும்" என்றார். அங்கே இருந்துகொண்டும் உங்களுக்குக் காவல்.

ஆணையத்துக்கு எழுதுகிறீர்களா இல்லையா?

பிரஷாந்தினி


லொங்குய்
14 பெப்ரவரி 2025

பிரஷாந்தினிக்கு,

போதும். நானும் மனுஷிதான்.

உங்கள் வன்னி எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அதை எடுத்து என் முகத்தில் அடிப்பதற்கு உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. விமான நிலையத்தில் வினோஜனின் பாஸ்போர்ட்டை அந்த அதிகாரி தனியாக எடுத்து வைத்தபோது நான் கவுண்டரை விட்டு நகரவில்லை. துப்பாக்கியின் பின்பக்கத்தால் என்னைத் தள்ளினார்கள். இதை உங்களிடம் சொல்லி அனுதாபம் வாங்கக் கூடாது என்று இருந்தேன்.

நீங்கள் கேட்பதைச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? கையெழுத்துப் போட்ட ஒரு அலுவலர் தவறு செய்தார் என்றால் அது ஒரு அலுவலரின் தவறு. குழுவின் தலைவியே தவறு செய்தாள் என்றால் அது குழுவின் தவறு. அங்கே மீதி இருக்கும் குழுவை அடுத்த நாளே வெளியேற்றுவார்கள். வெளிநாட்டுச் சதி, நிலைமை சரியில்லை, தேர்தல் தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவிப்பார்கள். அந்தத் தளபதிகள் ஒரு சாக்குக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறொரு நாட்டில் இதைவிடச் சின்ன ஒரு விஷயத்துக்காகத் தேர்தல் மூன்று வருடம் தள்ளிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று வருடத்தில் செத்தவர்களை யாரும் எண்ணவில்லை. ஒரு தேசம் முழுக்க ஒரு பக்கம். உங்கள் கணவர் ஒரு பக்கம். தராசை என் கையில் கொடுத்துவிட்டு, சீக்கிரம் சொல் என்கிறீர்கள்.

நீங்கள் என்னை அயோக்கியமானவள் என்று நினைப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சின்னத்தைத் தேர்ந்தெடுத்தது தான் ஒருவர் மட்டுமே என்று ஆணையத்திடம் சொன்னவர் வினோஜன். நான் சொல்லச் சொல்லவில்லை. அதை மறுக்க வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டதும் அவர்தான். "அக்கா, ரெண்டு கிழமையில விட்டிடுவினம். தேர்தல் நடக்கட்டும்" என்றார். அவர் உங்களைவிடத் தெளிவாக இருக்கிறார்.

இரண்டு வாரம் நான்கு வாரம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியாதா? வீட்டில் மணிவாசகம் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "அந்தப் பையன் வந்துட்டானா?" என்று தினமும் காலையில் கேட்பார். இல்லை என்றால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வார். நேற்று என் மகன் ஹர்ஷ் கேட்டான், "அம்மா, இப்ப என்னை அங்க விட்டுட்டு வந்திருந்தா, இதே மாதிரி வெயிட் பண்ணுவியா?" நான் எழுந்து போய்விட்டேன்.

மட்டன் ரோலைச் சொல்லிக்காட்டியதை மட்டும் என்னால் மறக்க முடியாது.

கிரிஜா


செயின்ட்-மிஷேல்
20 பெப்ரவரி 2025

கிரிஜாவுக்கு,

அவர் உங்களுக்காகப் பொய் சொன்னார். நீங்கள் அந்தப் பொய்யில் ஏறி வீட்டுக்கு வந்தீர்கள். இதற்குத் தராசு, தேசம் என்று எவ்வளவு பெரிய சொற்கள்.

மரியாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஓம், சொல்லிவிட்டேன். வேண்டுமென்றால் உங்கள் வழக்கறிஞர்களிடம் சொல்லுங்கள். பயந்து பயந்து வேறு பாதையால் போய் எனக்கு அலுத்துவிட்டது. கார்டெரி வாசலில் அவ எனக்காகக் காத்துக்கொண்டு நின்றா. "உன் பிள்ளை அன்றைக்கு என்ன சொன்னாள்?" என்று நேரே கேட்டா. அது என் மகள் தகப்பனைக் கீறிய படம், அந்தச் சவள் எங்கள் கார் பின்பெட்டிக்குள் கிடக்கிறது, அவர்தான் அங்கே பிடிபட்டிருக்கிறார் என்று சொன்னேன். அடிப்பா என்று நினைத்தேன்.

சிரித்தா. சுவரில் சாய்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தா. "பனி வழிக்கிறதா! நாங்கள் ஒருபக்கம் அது துடுப்பா, ரொட்டிச் சூளைத் தடியா என்று சண்டை பிடித்தோம்!"

பிறகு நான் அவவிடம் கேட்டேன்: உங்கள் சனம் ஏன் அதற்கு வாக்குப் போட்டது, அது உண்மையான கட்சி என்று நினைத்ததா என்று. அவவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவ பிரெஞ்சில் சொன்னதை என்னுடைய தமிழில் எழுதுகிறேன்.

"எங்களை என்ன, விசர்ச் சனம் எண்டு நினைச்சியோ? அது பொய்க் கட்சி எண்டு என்ர தாய்க்கும் தெரியும். உன்ர மனுசன்தான் ஊருக்கு ஊர் போய்ச் சொன்னவர், இது பயிற்சி, இது கணக்கில சேராது, ஆருக்குப் போட்டனியள் எண்டு ஆரும் கேக்கமாட்டினம் எண்டு. எங்கட சனம் வாழ்க்கையில முதல்தரம் பயமில்லாமல் வாக்குப் போட்டது அண்டைக்குத்தான். மற்ற எல்லாச் சின்னத்திலும் ஆரோ ஒருத்தன் துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறான். சவளில ஒருத்தரும் நிக்கேல்ல. அதுதான் போட்டனாங்கள்."

நான் அரசறிவியல் படித்தவள். வாக்காளர் நடத்தை என்று ஒரு முழுப் பாடம் படித்துச் சோதனையும் எழுதியவள். நீங்கள் எட்டு நாடு. எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. அந்தச் சனம் ஏமாறவில்லை. ஏமாற்றப்பட்டார்கள் என்று சொல்கிற தளபதிகளுக்கும், தவறு ஒன்று நடந்துவிட்டது என்று சொல்கிற உங்களுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பக்கமும் சேர்ந்து அவர்களின் வாக்கை ஒரு அலுவலரின் பிழையாக்கி ஒரு ஹோட்டல் அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

மார்ச் எட்டாம் திகதி மொன்ட்ரியால்-நோரில் அவர்களின் கூட்டம். தொலைக்காட்சிக்காரர்களும் வருகிறார்களாம். அதற்கு முதல் நீங்கள் ஆணையத்துக்கு உண்மையைச் சொல்லவில்லை என்றால், நான் அந்தக் கூட்டத்தில் ஏறி நின்று சொல்வேன். பிள்ளையின் படத்தைக் கொண்டுபோகமாட்டேன். உங்கள் பெயரைக் கொண்டுபோவேன்.

பிரஷாந்தினி


விமான நிலையம், மொன்ட்ரியால்
2 மார்ச் 2025

பிரஷாந்தினிக்கு,

ஹர்ஷ் பெட்டியை எடை போடுகிறான். அவனிடம் கொடுத்து இதைத் தபாலில் போடச் சொல்வேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

ஆணையத்துக்கு எழுதவில்லை. எழுதினால், நேரில் வந்து சொல் என்றுதான் பதில் வரும், அதற்கு ஒரு மாதம் ஆகும். அதனால் நேரே போகிறேன். நிறுவனம் போகக்கூடாது என்றது. வேலையை விட்டுவிட்டேன். மணிவாசகம் காலையில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.  மருந்துகளை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

உங்களுக்காகப் போகவில்லை. உங்கள் மிரட்டலுக்காகவும் இல்லை. மேடையில் ஏறி என் பெயரைச் சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள் என்றுதான் முதல் இரண்டு நாள் இருந்தேன்.

அந்தப் பெண் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. இத்தனை வருடங்களாக நான் மக்களுக்கு வாக்குப் போடக் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சி முடிந்ததும் சீட்டுகளைக் கட்டி எரித்துவிடுவோம். அதில் என்ன இருந்தது என்று ஒரு தடவைகூட யாரையும் கேட்டதில்லை. இந்தத் தடவை எண்ணியதுகூட வினோஜன் பிடிவாதம் பிடித்ததால்தான்.

நான் சொன்னது நடக்கும் என்று இப்போதும் நம்புகிறேன். குழுவை வெளியேற்றுவார்கள். தேர்தலைத் தள்ளுவார்கள். அப்போது அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள்தான் தினமும் கார்டெரி வாசலில் பார்க்க வேண்டும். நான் அல்ல. எட்டாம் தேதி மேடையில் ஏறாதீர்கள். அது அவர்கள் மேடை.

உள்ளே போக நேரமாகிவிட்டது.

கிரிஜா


செயின்ட்-மிஷேல்
11 ஏப்ரல் 2025

கிரிஜா அக்காவுக்கு,

இன்றைக்கும் நேரம் சென்றுதான் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். இதை மணிவாசகம் ஐயாவிடம் கொடுத்தால், கிழமைக்கு ஒருமுறை உங்களைப் பார்க்க வரும் தூதரக ஆள் மூலமாகச் சேர்ப்பிப்பதாகச் சொன்னார். ஆராவது உடைத்து வாசிக்கக்கூடும். வாசிக்கட்டும்.

அக்கா என்று எழுதிவிட்டேன் என்பதற்காகக் கோபம் போய்விட்டது என்று எடுக்க வேண்டாம். போகவில்லை.

வினோஜன் வந்து பன்னிரண்டு நாள். அதே ஹோட்டலில், அதே அறையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். வெளியில் வரும்போது வாசலில் உங்களைக் கண்டாராம். கதைக்க விடவில்லையாம். நீங்கள் கையைக் காட்டினீர்களாம்; குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யாது, மேலே தட்ட வேண்டும் என்பதை அவர் சைகையால் காட்ட, நீங்கள் தலையாட்டினீர்களாம். இதைச் சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் வந்தால் எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன். என்னோடு கதைப்பது குறைவு. முதல்நாள் இரவு கேட்டது இதுதான்:

"நீர் ஆரைக் கேட்டு அவவுக்கு எழுதினனீர்?"

"உங்களைக் கேக்க ஏலுமெண்டால் ஏன் எழுதுறன்?"

"அவ அங்க இருக்கிறா. நான் இஞ்ச இருந்து சோறு தின்னுறன்."

"அவ செய்தது. அவ சொல்லட்டும்."

"ஓம். சொல்லிட்டா. இப்ப உமக்குச் சந்தோசமோ?"

 சந்தோசம்தான். என் பிள்ளை தகப்பனின் காலில் தொங்கிக்கொண்டு திரிகிறாள். அதைப் பார்த்துச் சந்தோசப்படாமல் இருக்க நான் கல் இல்லை. அதற்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. அங்கே மிஞ்சியிருந்த குழுவுக்கு வெளியேற நாற்பத்தெட்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். ஜூன் தேர்தல் இல்லை. எப்போது என்றும் சொல்லவில்லை. செய்தி வந்த அடுத்தநாள் கார்டெரியில் மரியாமா வழமைபோலப் பக்கத்தில் குந்தியிருந்து மகனுக்குச் சப்பாத்துப் போட்டா. நான் வணக்கம் சொன்னேன். அவ நிமிராமலே சொன்னா:

"உன்ர மனுசன் வந்திட்டார். நல்லது. என்ர தம்பி இன்னும் உள்ளுக்கை. எங்கட தேர்தல் எப்ப வரும் எண்டு உனக்குத் தெரியுமோ? நீ படிச்சனிதானே."

எட்டாம் திகதி நான் மேடையில் ஏறவில்லை. நீங்கள் சொன்னதற்காக இல்லை, காய்ச்சல். ஆனால் போன சனிக்கிழமை அவர்கள் மறுபடி கூடினார்கள். நான் போய்ப் பின்னால் நின்றேன். பனி கரைந்துவிட்ட காலத்தில், முந்நூறு நானூறு பேர், ஆளுக்கொரு பனிச் சவள். கடைகளில் அரைவிலைக்குப் போட்டிருப்பார்கள். தெருவால் போன கியூபெக் கிழவர் ஒருவர் காரை நிறுத்தி, "இன்னும் ஒரு புயல் வருதோ?" என்று கேட்டார். மரியாமா அவரிடம் "ஓம், வருகுது" என்றா. என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து போகும்போது தன் சவளை என் கையில் தந்துவிட்டுப் போனா. ஏன் தந்தா என்று தெரியவில்லை. மெட்ரோவில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். சனம் முழுக்க என்னையே பார்த்தது.

மணிவாசகம் ஐயா நேற்று வந்தார். முதல்தரம் எங்கள் வீட்டுக்கு. மேல்கோட்டைக் கழற்றாமல் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று, "இதுவா அது?" என்று கேட்டார். நெடுநேரம் பார்த்தார். மிதுனா அவருக்கு விளக்கம் சொன்னாள்: இது அப்பா, இது கார், இது பெல். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.  வினோஜன் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார். கட்சி ஒன்றை உருவாக்குவதற்காகவே நீங்கள் படத்தைத் திட்டம் போட்டு வரைவித்ததாக ஆணையம் இப்போது சொல்கிறது என்று ஐயா சொன்னார். தெரிவுசெய்தது நான் என்று நீங்கள் சொன்னதை, உண்டாக்கியதும் நான் என்று எழுதிக்கொண்டார்களாம்.

அக்கா, அந்தப் படத்தில் மூலையில் மிதுனா தன் பெயரை எழுதியிருக்கிறாள். இரண்டு எழுத்துத் தலைகீழ். நீங்கள் தொலைபேசியில் எடுத்தபோது அதை வெட்டிவிட்டீர்கள். திட்டம் போட்டு வரைவித்த சின்னம் என்றால் எந்தச் சதிகாரர் பெயரைத் தலைகீழாக எழுதிவிட்டுப் போவார்? அசல் படத்தைப் பார்த்தால் எவருக்கும் விளங்கும். பெயரை வெட்டினால் விளங்காது.

படத்தை அனுப்பவா என்று நேற்று இரவு வினோஜனிடம் கேட்டேன்.  "நீர்தான் தாய். நீர் சொல்லும்" என்றார். நான் இன்றைக்குப் படத்தைக் கழற்றி உறைக்குள் வைத்து, பிறகு எடுத்து ஒட்டி, பிறகும் கழற்றியிருக்கிறேன். காந்தம் இரண்டும் மேசையில் கிடக்கிறது. பயம் போகவில்லை. என் பிள்ளையின் பெயர் அவர்களின் கோப்புக்குள் போகும். போனால் திரும்பி வராது. அன்றைக்கு நீங்கள் கேட்டபோது வந்த ஆத்திரம் இப்போதும் அப்படியே இருக்கிறது.

வாக்குமூலம் எழுதிவிட்டேன். பெயர், வயது, பிறந்தநாளுக்கு ஆர் ஆர் வந்தார்கள், ஆர் என்ன சொன்னார்கள், எல்லாம். நீங்கள் நேரமில்லை என்று சொன்னதையும் எழுதியிருக்கிறேன். அதை நான் விடமாட்டேன்.

படம் உங்களுக்கு உதவுமா, இல்லை நிலைமையை இன்னும் மோசமாக்குமா என்று அங்கே இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி.

கெதியாப் பதில் போடுங்கள்.

பிரஷாந்தினி